டாக்டரம்மா யாரோட ஆளு?

டாக்டர் கீதாஞ்சலி தன் கட்டைவிரலைச் சகாயராஜின் கணுக்காலில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி மேலே எழும்பவில்லை. ஈரக் களிமண்ணில் பதிந்த மாதிரி அப்படியே கிடந்தது.

"எப்பலேர்ந்து இப்படி இருக்குது?"

"உப்புத் தண்ணியில நிக்கிற காலும்மா. கொஞ்சம் ஊதத்தான் செய்யும்" என்றான் சகாயராஜ்.

"ஏன், மூஞ்சியையும் உப்புத் தண்ணியிலதான் முக்கி வச்சிருக்கியா?" பக்கத்தில் நின்ற அவன் மனைவி லூர்துமேரி விடவில்லை. "நல்லாக் கேளுங்க டாக்டரம்மா. காலையில எழுந்தா கண்ணே தெரியல, அவ்ளோ வீக்கம். கேட்டா, சதை போட்டு அழகாயிட்டேன்றாரு."

"பொறாமை டாக்டரம்மா இவளுக்கு."

மரக்காணம் உப்பளத்து ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். சனிக்கிழமை மருத்துவ முகாம். 2006 மார்ச் மாத வெயில் அதற்குள்ளாகவே மண்டையைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகள். வெள்ளைவெளேரென்ற அந்தப் பரப்பை நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்தது.

கீதாஞ்சலி, பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. சுனாமி வந்து போன பிறகு இந்தக் கரையோரத்துக்கு வராத முகாம் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் பேனரை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகாமல் நின்றது இவர்கள் முகாம் ஒன்றுதான். காரணம், இது வெறும் முகாம் இல்லை, ஆராய்ச்சி. 'சுகோஃப்ளெக்ஸ்' என்ற புது மூட்டுவலி மாத்திரையைப் போன கோடையில் உப்பளத் தொழிலாளர்களுக்குக் கொடுத்து, ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையும் வந்தாகிவிட்டது. கொளுத்தும் வெயிலில் உழைக்கிறவர்கள்கூட மாதக்கணக்கில் இதைச் சாப்பிடலாம், சிறுநீரகத்துக்கு ஆபத்தில்லை என்பது அதன் முடிவு. கட்டுரையில் முதல் பெயர், துறைத் தலைவர் டாக்டர் தட்சணாமூர்த்தி. மூன்றாவது பெயர், கீதாஞ்சலி.

"மாத்திரை சாப்பிடறியா?"

சட்டைப் பையிலிருந்து ரோஸ் கலர் மாத்திரை ஒன்றை எடுத்துக் காட்டினான் சகாயராஜ். "காலையில டீயோட ஒண்ணு. மதியம் ஒண்ணு. மொதலாளி டப்பா டப்பாவா வாங்கி வச்சிருக்காரு. இது இல்லன்னா உப்பு வாரவே முடியாதும்மா. முதுகு ஒடிஞ்சுடும்."

"கால் வீங்கினா உடனே வந்து சொல்லணும்னு அப்பவே சொல்லியிருந்தோமே?"

"சொன்னேனே! போன வருஷமே உங்காளுங்ககிட்டத்தான் சொன்னேன். நானு, மாயவன் மாமா, இன்னும் ரெண்டு மூணு பேரு. ரத்தம் எடுத்தாங்க. அதுக்கப்புறம் எங்களக் கூப்பிடவே இல்ல. சரி, தேறிட்டோம் போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

கீதாஞ்சலி ஊசியை எடுத்து மறுபடி அவனுக்கு ரத்தம் எடுத்தாள்.

கட்டுரையில் இருந்த அந்த வரி அவளுக்கு ஞாபகம் இருந்தது. 'சிலர் சீசன் முடிந்து ஊரைவிட்டுச் சென்றுவிட்டதால் ஆய்விலிருந்து விடுபட்டனர்.' தட்சணாமூர்த்தி சார் எழுதியது. ஊரைவிட்டு எங்கே போனான் இவன்? இதோ, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் வம்பிழுத்துக்கொண்டிருக்கிறான்!

ரத்த முடிவு திங்கட்கிழமை வந்தது. படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் கெட்டிருந்தன. மாத்திரையை இன்றைக்கே நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். நிறுத்தாவிட்டால் கத்திரி வெயிலில், வியர்த்து வியர்த்து உடம்பில் தண்ணீரே இல்லாமல் வேலை செய்கிற நேரத்தில், மிச்சமும் போய்விடும். அதற்கப்புறம் டயாலிசிஸ். டயாலிசிஸுக்கு அப்புறம் ஓர் உப்பளக் கூலிக்காரனுக்கு என்ன இருக்கிறது?

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான் பிரபு. சுகோஃப்ளெக்ஸ் கம்பெனியின் மெடிக்கல் ரெப். கழுத்தில் டை, முகத்தில் சிரிப்பு, கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"கங்கிராட்ஸ் மேடம்! உங்க பேப்பர்தான் இப்ப எங்களுக்கு பைபிள். தமிழ்நாடு பூரா ஒரு டாக்டர் மேசை பாக்கியில்லாம வச்சுட்டோம்."

"பிரபு, இந்த மாத்திரையால ஒருத்தனுக்கு கிட்னி போயிட்டிருக்கு. உங்க கம்பெனியில யாரைப் பார்த்துப் பேசணும்?"

"அதுக்கு எதுக்கு மேடம் கம்பெனி வரைக்கும் போறீங்க? உங்க ஹெச்.ஓ.டி. சாரையே பாருங்க. அவர்தானே எங்க அட்வைசர்."

"என்னது?"

"தெரியாதா? ரெண்டு வருஷமா மாசாமாசம் வாங்கறாரே மேடம். இந்த ஏரியா ஏஜென்சிகூட அவங்க வீட்டம்மா பேர்லதான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் பிரேக் போட்டான். ஸ்வீட் பாக்ஸை மேசைமேல் வைக்கலாமா கூடாதா என்று அதைப் பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். "மேடம், நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எனக்கு வேற கல்யாணம் வச்சிருக்காங்க."

அவன் போனதும் இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். மாத்திரை கம்பெனியிடம் பணம் வாங்குகிறீர்களா, பங்கு இருக்கிறதா என்று கட்டுரை எழுதும் ஒவ்வொரு டாக்டரையும் இதழ்கள் கேட்கும். வாங்கினால் வாங்கினேன் என்று அச்சில் சொல்ல வேண்டும். அதுதான் விதி. இங்கே ஒரே வரியில் பதில் இருந்தது.

'ஆசிரியர்கள் எவருக்கும் இந்த ஆய்வு தொடர்பாகப் பணத் தொடர்பு எதுவும் இல்லை.'

எவருக்கும்!

பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தாள் கீதாஞ்சலி. பாவம்.

தட்சணாமூர்த்தியின் அறைக்குள் நுழையும்போது அவள் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். கத்துவார். வேலை போகும் என்பார். ராஜினாமாக் கடிதத்தைக்கூட மனசுக்குள் எழுதி வைத்திருந்தாள்.

வந்தது மிரட்டல் இல்லை. காபி.

"உட்காரும்மா கீதா. சர்க்கரை கம்மிதானே உனக்கு?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவள் சொன்னது முழுவதையும் கேட்டார். ஓர் இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் தலையை ஆட்டினார்.

"நீ ரெண்டு விஷயம் சொல்ற. ஒண்ணு, நான் கம்பெனியில வாங்கறதை எழுதல. தப்புதான். மறந்து போச்சு. நாளைக்கே எடிட்டருக்கு எழுதிடறேன். அடுத்த இதழ்லயே போட்டுடுவாங்க. சரியா?"

எதிராளி அடிக்காமலே கீழே விழுந்தால் ஓங்கின கையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ரெண்டாவது, கால் வீங்கின ஆளுங்களை விட்டுட்டோம்ங்கற. அது வேற விஷயம்மா. உப்புத் தண்ணி, வெயில், சாராயம், ஆயிரம் காரணம் இருக்கு. மாத்திரைதான்னு நீ நிரூபிக்கணும். நிரூபி. நானா வேண்டாங்கறேன்? வருஷக்கணக்கா ஆகும்."

"அதுக்குள்ள அந்த ஆளு செத்துடுவான் சார்."

"யாரு சாகல?" என்றார் தட்சணாமூர்த்தி, மிகவும் இதமாக. "காபி ஆறுது பாரு."

அவளும் சும்மா இருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முகாமிலேயே சகாயராஜிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். இதழுக்கு இரண்டு விஷயத்தையும் எழுதினாள். சகாயராஜின் ரத்த முடிவையும், ஊரைவிட்டுப் போகாத மற்ற ஆட்களின் விவரத்தையும் சேர்த்து அனுப்பினாள். எடிட்டரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. ஆய்வு முறை பற்றி முதல் ஆசிரியர் தந்த விளக்கம் திருப்தியாக உள்ளது; விடுபட்ட பணத் தொடர்பு பற்றிய தகவலைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

மே மாத இதழில் திருத்தம் வந்தது. தட்சணாமூர்த்தி அந்தக் கம்பெனியின் ஆலோசகர் என்று பொடி எழுத்தில் போட்டு, 'இது ஆய்வின் முடிவுகளை எவ்விதத்திலும் பாதிக்கவில்லை' என்று முடித்திருந்தார்கள்.

அடுத்த வாரமே பிரபு புது நோட்டீஸோடு வந்தான். வழவழ காகிதம். மேலே கொட்டை எழுத்தில், 'ஒளிவுமறைவற்ற ஆய்வு.' கீழே அந்தத் திருத்தத்தையே கட்டம் கட்டிப் போட்டிருந்தது கம்பெனி!

இதழ் கைவிட்டால் என்ன, ஆட்களிடமே நேராகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள் கீதாஞ்சலி. பொடி எழுத்தானால் என்ன, அச்சில் வந்திருக்கிறதல்லவா? இனி யாரும் அவளைப் பொய் சொல்கிறாள் என்று சொல்ல முடியாது.

ஷெட்டில் டீ நேரம். உப்பு வாரிவிட்டு வந்தவர்கள் காலில் உப்புப் பூத்து வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தெய்வசிகாமணி, பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் டீ கேன். கேனுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா.

சகாயராஜைத் தேடினாள். ஒரு மூலையில் சுவரில் சாய்ந்திருந்தான். முகம் இன்னும் உப்பியிருந்தது.

"நிறுத்தினியா, இல்லையா?"

"நிறுத்தினேம்மா. ஒரு வாரம் நிறுத்தினேன். மூணாம் நாளே வேலைக்கு வர முடியல. வூட்ல குந்தியிருந்தா எவன் சோறு போடுவான்?"

"நான் ஏசுசாமி மேல சத்தியம் வாங்கினேன் டாக்டரம்மா" என்றாள் லூர்துமேரி. "சாமி மன்னிச்சிடும், மொதலாளி மன்னிக்க மாட்டாருன்னுட்டாரு."

தெய்வசிகாமணி பேப்பரை இறக்கினார். "ஏம்மா, நானா வாயில திணிக்கறேன்? அவனுங்களே எடுத்துப் போட்டுக்கறானுங்க. இல்லாத கொடுமைக்காரனாக்காதீங்க என்னை."

கீதாஞ்சலி எழுந்து நின்றாள். இதழைப் பிரித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க. இந்த மாத்திரை நல்லதுன்னு எழுதினாரே பெரிய டாக்டர், அவரு அந்த மாத்திரை கம்பெனியில சம்பளம் வாங்கறாரு. அவங்க ஆளு. இதோ, புஸ்தகத்துலயே போட்டிருக்காங்க. அவரே ஒத்துக்கிட்டாரு."

கசமுசவென்று பேச்சுக் கிளம்பியது. ஆளுக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வேலை செய்கிறது என்று நினைத்தாள் அவள்.

மாயவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். போன வருஷம் கால் ஊதிய ஆட்களில் அவனும் ஒருத்தன்.

"கம்பெனி ஆளா அவரு? நெசமாவா?"

"நெசம்தான்."

"அதானே பார்த்தேன்!" மாயவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "கேட்டியாடா? நான் சும்மா ஓசி டாக்டருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவருக்குப் பின்னால கம்பெனியே நிக்குது."

"இல்ல, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க..."

"என்னாம்மா தப்பு? மழைக்காலத்துல உப்பு ஏது, கூலி ஏது? அப்ப மொதலாளிகிட்ட நாலு பேரு எதிர்ல அட்வான்ஸ் வாங்குவோம். வாங்கிட்டா நாங்க சிகாமணி ஆளு. யாரு கேட்டாலும் கூசாம சொல்லுவோம். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவரு வரணும். வருவாரு. அட்வான்ஸ் வாங்காத ஆளுதான் திருட்டு ஆளு. அவனை நம்பி ஒரு பாத்திய விடுவானா எவனாவது? அவனால நஷ்டமானா யாரைப் போய்க் கேக்கறது?"

தலைகள் ஆடின. ஒருத்தர் பாக்கியில்லாமல்.

"அந்த டாக்டரு கம்பெனி ஆளு. புஸ்தகத்துல போட்டு நாலு பேரு எதிர்ல சொல்லிட்டாரு. மாத்திரையால ஒண்ணு ஆனா கம்பெனி பதில் சொல்லணும்ல?"

"சொல்ல மாட்டாங்க மாயவன். அதுக்காக இல்ல அது..."

"சரி, அத விடு." மாயவன் குரலில் கோபம் கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "நீங்க யாரோட ஆளும்மா?"

"நான்... நான் யாரோட ஆளும் இல்ல. அதனாலதான் சொல்றேன். எனக்கு இதுல ஒரு பைசா லாபம் கிடையாது."

அம்மணமாக நிற்கிறவரைப் பார்த்த மாதிரி எல்லோரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். தெய்வசிகாமணிகூடப் பேப்பரை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

லூர்துமேரிதான் மெல்ல அவள் கையைத் தொட்டாள். "கெளம்புங்க டாக்டரம்மா. வெயில் ஏறுது."

கார்க் கதவைத் திறக்கும்போது திரும்பிப் பார்த்தாள். டீ முடிந்திருந்தது. ஆட்கள் எழுந்து பாத்திக்குப் போகும் வழியில் டப்பாவுக்குள் கை விட்டுப் போனார்கள். சகாயராஜ் மட்டும் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று போட்டுக்கொண்டான். அவள் மனசு நோகக் கூடாதாம்!

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் லூர்துமேரி டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டாள். மூச்சு விட முடியல என்ற மூன்று வார்த்தை மட்டும் வந்தது.

வேனில் போட்டு ஈ.சி.ஆர். ரோட்டில் பறந்தார்கள். கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது சகாயராஜுக்கு நினைவு தப்பியது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கீதாஞ்சலி ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தாள். உடனே டயாலிசிஸ். இரண்டு மணி நேரம் கழித்து மூச்சு மட்டுப்பட்டது. அன்றைக்குப் பிழைத்துக்கொண்டான்.

வயசுப் பையன் ஒருத்தன் டியூட்டி டாக்டர். கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கிட்னி ரெண்டும் முழுசாப் போயிடுச்சு மேடம். காரணம்தான் புரியல. சுகர் இல்ல. நாள்பட்ட பிரஷரும் இல்ல" என்றான்.

"சுகோஃப்ளெக்ஸ். ஒரு வருஷமா, தினம் ரெண்டு. எழுதுங்க."

அவன் பேனா நகரவில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு அவளைப் பார்த்தான்.

"அது கிட்னிக்கு சேஃப் இல்லையா மேடம்? உப்பளத்து ஆளுங்களை வச்சே ஸ்டடி பண்ணியிருக்காங்களே. பி.ஜி. எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். உங்க பேருகூட இருக்கே?"

"அந்த ஸ்டடி தப்பு. அதை எழுதினவரு கம்பெனியில பணம் வாங்கறவரு."

"படிச்சேன் மேடம், திருத்தம் போட்டிருந்தாங்க." பையனின் முகத்தில் மரியாதைதான் இருந்தது. "இந்தக் காலத்துல எத்தனை பேரு அப்படி வெளிப்படையாச் சொல்றாங்க? நேர்மையான மனுஷன்னு நெனச்சேன்."

பையன் அவளுக்காக ஏதோ ஒன்றை எழுதினான். எட்டிப் பார்த்தாள். 'காரணம்: தெரியவில்லை.' அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி போட்டு மாத்திரையின் பெயர். அவனால் முடிந்தது அவ்வளவுதான். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த அந்த வார்டு சீனியர் டாக்டர் அதைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து அடைப்புக்குறியை முழுசாக அடித்துவிட்டுப் போனார்.

வார்டுக்கு வெளியே லூர்துமேரி சுவரோரமாகக் குந்தியிருந்தாள். கீதாஞ்சலி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தெய்வசிகாமணி விடியற்காலையிலேயே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரி செலவுக்கு ஏதோ கொடுத்தும் இருந்தார். மாயவன் சொன்னது பலித்திருந்தது. அதை நினைக்கவே கீதாஞ்சலிக்குப் பிடிக்கவில்லை.

"இனிமே வேலைக்குப் போவாரா டாக்டரம்மா?"

"இல்லம்மா. வாரத்துக்கு ரெண்டு தடவை இங்க வரணும். இருக்கற வரைக்கும்."

லூர்துமேரி அழவில்லை. மடியில் கிடந்த உள்ளங்கை இரண்டும் கன்றிப்போய், புதுக் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"என்ன இது கையில?"

"அவரு பாத்திய நான்தான் பாக்கறேன். ஆளு மாறினா குத்தமில்ல, வேலை நிக்கக் கூடாதுன்னுட்டாரு மொதலாளி. அவரு படுக்கையில விழுந்து ஒரு வாரமாச்சு, அன்னிலேர்ந்து போறேன்."

"உனக்குத்தான் இடுப்பு வலின்னு முகாம்ல சொன்னியே. எப்படிச் செய்யற?"

லூர்துமேரி ரோஸ் கலர் எட்டிப் பார்த்த முந்தானை முடிச்சை இழுத்து மடிக்குள் செருகிக்கொண்டாள். அதைச் செருகிய அவசரத்தில்தான் கீதாஞ்சலிக்குப் புரிந்தது.

"லூர்து! உள்ள கெடக்கறான் பாரு, அவனைப் பார்த்துமா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன்?"

லூர்துமேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிற பார்வை இல்லை அது. வெறும் களைப்பு.

"வலிக்குது டாக்டரம்மா" என்றாள்.